'டெல்லி மறுத்தது' என்றால் மறுத்தது யார்? செய்திக்குள் ஒளிந்திருக்கும் அணி இலக்கணம்

"தங்கம் விலை விண்ணைத் தொட்டது." "பட்ஜெட்டால் சோர்ந்தது பங்குச்சந்தை." "கோரிக்கையை டெல்லி மறுத்தது." காலையில் மொபைலைத் திறந்ததும் வந்து விழும் இந்த மூன்று வரிகளும் பள்ளித் தமிழ்ப் பாடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த சங்கதிதான். அங்கே அதற்குப் பெயர் இருந்தது. இங்கே பெயர் சொல்லாமல் வருகிறது.

உவமையா, உருவகமா?

மாணவர்கள் அதிகம் குழம்புற இடம் இது. 'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம், அதாவது உவமை. 'முகமலர்' என்று திருப்பிப் போட்டால் முகமே மலராகிவிடுகிறது, அது உருவகம். கொரோனா காலத்தில் 'இரண்டாம் அலை' என்றோமே, அதுவும் உருவகம்தான். அலை தானாக வரும், தானாக வடியும். தொற்று அப்படியா? கூட்டம் கூடியது, புதிய திரிபு, தடுப்பூசி என்று ஒவ்வொன்றுக்கும் பங்கு இருந்தது. 'அலை' என்ற ஒரே சொல்லில் அதெல்லாம் மறைந்துபோனது.

தற்குறிப்பேற்றம் என்றால்?

இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்கொடி காற்றில் அசைகிறது. 'வராதீர்கள்' என்று அது கை காட்டியதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பாவம், கொடிக்கு என்ன தெரியும்? காற்று அடித்தது, அவ்வளவுதான்.

எண்களோடு மல்லுக்கட்டும் என் வேலையில் அதிகம் எதிர்ப்படுவது இந்த அணிதான். பட்ஜெட் அன்றைக்கே சென்செக்ஸ் இறங்கினால் 'பட்ஜெட் ஏமாற்றம், சந்தை சரிவு' என்று தலைப்பு தயார். (நானும் இப்படித் தலைப்பு வைத்தவன்தான்.) இரண்டும் ஒரே நாளில் நடந்தன என்பது தரவு. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்பது, நிரூபிக்கும்வரை, நாம் ஏற்றிய குறிப்பு. கவிதையில் இது வாசகருக்குத் தெரிந்தே நடக்கும் விளையாட்டு. செய்தியில் அப்படியில்லை, அதை நம்பி ஒருவர் பங்கை விற்றுவிடலாம்.

இந்தி மாணவர்கள் இதையே 'உத்பிரேக்ஷா' என்று படிக்கிறார்கள். உருவகம் அவர்களுக்கு 'ரூபக்'. தொல்காப்பியம் உவமைக்கு மட்டும் தனி இயல் வைத்தது. தமிழில் அணிகளை விரிவாகப் பேசும் தண்டியலங்காரம், சமஸ்கிருதத்தில் தண்டி எழுதிய காவ்யாதர்சத்தின் வழி வந்தது. 9ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான கவிராஜமார்க்கத்துக்கும் அதுவே அடிப்படை.

சரி, டெல்லி?

'ஊர் சிரித்தது' என்றால் ஊரில் இருப்பவர்கள் சிரித்தார்கள். இடத்தின் பெயர் மனிதர்களுக்கு ஆகி வருவதால் இடவாகுபெயர். 'இந்தியா வென்றது' என்றால் கிரிக்கெட் அணி, குழப்பமே இல்லை. ஆனால் 'டெல்லி மறுத்தது'? மத்திய அமைச்சகமா, டெல்லி அரசா, உச்ச நீதிமன்றமா? உங்கள் கல்வி உதவித்தொகை நின்றுபோனால் இந்த வித்தியாசம் உடனே தேவைப்படும். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடணும்னா, குறிப்பிட்ட ஓர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத்தான் போடணும். 'டெல்லி'க்கு மனு போட முடியாது.

விண்ணைத் தொட்ட தங்கம் உயர்வு நவிற்சி. பக்கத்திலேயே கிராம் விலையைப் போட்டுவிட்டால் அதனால் பெரிய பாதகமில்லை.