குருதி கூறும் முன்னறிவிப்பு



சில மாதங்களுக்கு முன்னர் என் பழைய மாணவன் ஒருவன் வல்வெட்டித்துறையிலுள்ள எமது இல்லத்துக்கு வந்தான். குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெறவிருந்த தன் தாயாரின் குருதிப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினான். "சேர், இந்தக் கணக்குக் கூடிப்போச்சாம், அம்மா தப்புவாவோ?" என்று கேட்டான். நான் மருத்துவனல்லேன், வரலாறு கற்பிப்பவன். ஆதலால் அந்த எண் பிறந்த வரலாற்றையே அவனுக்குக் கூறினேன்.

1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலை 1867இல் தமிழில் தந்தவரும் அவரே. அக்கால வைத்தியர்கள் சிவப்பு, வீக்கம், வெப்பம், நோவு என்னும் நான்கு குறிகளைக் கொண்டே அழற்சியை அறிந்தனர். அதனைக் குருதியில் அளந்தறியும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை.

1863இல் ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ, புற்றுக்கட்டிகளினுள்ளே வெண்குழியங்கள் இருப்பதைக் கண்டு, அழற்சிக்கும் புற்றுக்கும் உறவுண்டெனக் கருதினார். 1921இல் சுவீடன் நாட்டு ஃபொறேயஸ், வெஸ்ரர்கிறீன் ஆகியோர், செங்குழியங்கள் படியும் வேகத்தை நோயறியும் குறியாக நிலைநாட்டினர். 1930இல் நியூயோர்க்கில் ரில்லெற், பிரான்சிஸ் என்னும் இருவர், நியுமோனியா நோயாளரின் குருதியில் ஒரு பொருளைக் கண்டனர். இன்று சி-எதிர்வினைப் புரதம் எனப்படும் அது ஈரலில் உண்டாவது. அழற்சி மூண்டால் சில மணி நேரத்திலேயே பெருகத் தொடங்குவது.

2003இல் கிளாஸ்கோ நகர ஆய்வாளர்கள், நுரையீரற் புற்றுநோயாளரிடையே இப்புரதத்தையும் அல்புமினையும் சேர்த்து நோக்கினர். முன்னது லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்பட்டு, பின்னது 35 கிராமுக்குக் குறைந்தோரின் ஆயுள் குன்றியிருந்தது. பின்னர் சத்திரசிகிச்சைக்குச் செல்வோரிடமும் இவ்வளவைகள் ஆராயப்பட்டன. வெண்குழியங்களுள் நியூற்றோபில், லிம்போசைற்று ஆகிய இரண்டன் விகிதமும், குடற் புற்றுக்குச் சத்திரசிகிச்சை பெற்றோரின் பிற்கால நிலையோடு தொடர்புற்றிருப்பதாக 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இவ்விகிதத்தை அறியப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சாதாரணக் குருதிக் கணக்கெடுப்பே போதும்.

ஆயினும் நேயர்களே, இவ்வெண்கள் பலரை ஒருங்கே நோக்கிப் பெற்ற உண்மைகள். தனி ஒருவரின் தலையெழுத்தல்ல. நெஞ்சுச் சளியாலும், சீழ் கட்டிய பல்லாலுங்கூட இவை உயரும். உயர்ந்த எண்ணைக் கண்ட மருத்துவர், மறைந்திருக்கும் தொற்றைத் தேடுவார். நோயாளியின் உணவைச் சீர்செய்வார். குடலைத் தைத்த மூன்றாம் நான்காம் நாளில் இப்புரதம் தணியாது நின்றால், தையலிற் கசிவுண்டோ என ஐயுற்று ஆராய்வார். இந்த எச்சரிக்கை உயிர்காக்கவும் கூடும்.

எம்மூர்த் தண்டையல்மார் காற்றின் குறி கண்டு பாயைச் சுருக்கினர், கப்பலைக் கைவிட்டாரல்லர். இதனையே அம்மாணவனுக்கும் சொன்னேன். "அம்மாவை வீட்டில் வைத்திருந்து நாளைக் கடத்தாதே. இந்தத் தாளோடு வைத்தியரிடம் போ. தப்புவாவோ என்று கேளாதே, இதைத் தணிக்க என்ன செய்யலாம் என்று கேள்" என்றேன். அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்றே தாயாரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றான்.