எருமைக்காரனின் கல்

மேய்ச்சல் நிலத்தை வரையச் சொன்னால், பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் மாட்டைவிட அதன் முதுகில் விழும் வெயிலைத்தான் கூர்ந்து பார்த்திருப்பார்கள். 1874-இல் பாரிஸில் முதல் கண்காட்சி நடத்திய அந்தக் குழுவைச் சேர்ந்த மோனே, 1890-91-இல் வயலில் நின்ற கதிர்ப்போர்களைக் காலை, மாலை, பனி என்று பொழுதுக்கொரு படமாகத் தீட்டினார். இரவோடு இரவாக யாரும் வந்து கொள்ளையிடப் போவதில்லை என்ற நிம்மதி அந்தப் படங்களில் உண்டு. ஜவ்வாது மலையின் தென் அடிவாரத்தில், செங்கம் வட்டாரத்தில், மேய்ச்சல் வாழ்வைக் கல்லில் வடித்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

இங்கே செல்வம் என்றால் கால்நடை. அதை ஓட்டிக்கொண்டு போக வந்தவர்களோடும், மீட்கப் போய் மாண்டவர்களோடும் பின்னியதுதான் இப்பகுதி நடுகற்களின் கதை. வழக்கம் பழையது. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், கூத்தருக்கு வழி சொல்லும்போதே பாதையில் நிற்கும் நடுகற்களையும் சொல்லிவிடுகிறது.

எடுத்தனூர்க் கல் இவற்றில் தனி ரகம். பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வட்டெழுத்தில் பொறித்தது. பொற்றொக்கையார் என்பவரின் இளமகன் கருந்தேவக்கத்தி தன் எருமைகளுக்காகப் போராடி விழுந்தான் என்கிறது. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் தனியாக ஒரு வாசகம்: கோவிவன் என்ற அந்த நாய், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. ஆளுக்குப் பெயர் இருப்பதில் வியப்பில்லை. நாயின் பெயரையும் மறக்காமல் வெட்டச் சொன்ன அந்த ஊர்க்காரர் யாரோ, அவர் ரசனைக்காரர். எருமைகள் பட்டிக்குத் திரும்பினவா என்பதுதான் கல்லில் இல்லை.

கல்லில் ஆண்டு குறிக்கப்பட்ட மன்னனும் சாதாரண ஆளில்லை. 'சித்திரகாரப்புலி' என்று பட்டம் சூடிக்கொண்டவன். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மண்டகப்பட்டில் குடைவரை எடுத்தவன். அரசவைக் கலை அப்படி வளர்ந்துகொண்டிருந்த அதே ஆட்சியில் மலையடிவாரத்துச் சிற்பி ஒரு பலகைக் கல்லில் தன் வேலையை முடித்திருக்கிறான். நளினம் குறைவுதான். ஆனால் யார், எதற்காக, எவர் ஆட்சியில் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. குடைவரைத் தூண்களைச் செதுக்கிய உளிக்காரர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா. நாகசாமி அதன் இயக்குநராக இருந்த காலத்தில், இப்பகுதியை ஊர் ஊராக அலசியது. 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' நூல் வெளிவந்தது. படியெடுப்பது பொறுமையான வேலை. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, பிறகு மை ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் எழும். பல கற்களில் அதற்கு முன்பே எண்ணெயும் மஞ்சளும் அப்பிக் கிடக்கும். இப்பக்கத்து மக்களுக்கு நடுகல் வீரன் வேடியப்பன். பொங்கல் வைத்துக் கும்பிடும் சாமி. வட்டெழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போன பிறகும் கற்கள் பல அப்புறப்படுத்தப்படாமல் நின்றதற்குப் பூசை போட்டவர்களே காரணம்.