ரெக்கார்டிலிருந்து ஆப்ஜெக்டுக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு பாஸ்கல் எதற்கு என்று வகுப்பில் கேட்கிறார்கள். பொழுதுபோக்குதான், வேறென்ன :-)

ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. வேலைக்காக நிரல் எழுதுகிறவரை கம்பெனி மாறச் சொல்லும். ஆசைக்கு எழுதுகிறவரை யார் சொல்வது? அப்படியும் 1990களில் நிறைய பேர் புரொசீஜர் பாணியை விட்டு ஆப்ஜெக்ட் பக்கம் வந்தார்கள். எப்படி?

ஆப்ஜெக்ட் அன்றைக்குப் புதுச் சரக்கு அல்ல. நார்வேயில் டால், நிகார்ட் என்ற இருவர் 1967லேயே சிமுலா மொழியில் கிளாஸ், இன்ஹெரிடன்ஸ் எல்லாம் வைத்துவிட்டார்கள். 70களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஸ்மால்டாக் வந்தது. எல்லாம் பெரிய இடத்து மெஷின்கள்.

நம்மைப் போன்றவர்கள் கையில் இருந்தது டர்போ பாஸ்கல். 1983ல் போர்லாண்ட் அதை 49.95 டாலருக்கு விற்றது. எழுதியவர் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க் என்ற டென்மார்க்காரர். 1989ல் வந்த 5.5 பதிப்பில் 'ஆப்ஜெக்ட்' என்ற சொல் சேர்ந்தது. பார்க்க பழைய ரெக்கார்ட் மாதிரியே இருக்கும். உள்ளே புரொசீஜரையும் வைக்கலாம், அவ்வளவுதான்.

வங்கிக் கணக்கை வைத்துச் சொல்கிறேன் (காமர்ஸ் புத்தி!). பழைய பாணியில் கணக்கு விவரம் ஒரு ரெக்கார்டில், வரவு வைப்பது, வட்டி போடுவது எல்லாம் தனித்தனி புரொசீஜரில். புதிதாக ஃபிக்ஸட் டெபாசிட் வந்தால் வட்டி எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் போய் 'இது எந்த வகை?' என்று ஒரு கேஸ் சேர்க்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் தப்பு வட்டி. புது பாணியில் கணக்கிலிருந்து டெபாசிட்டைப் பிறக்கவைத்து, வட்டியை மட்டும் மாற்றி எழுதினால் போதும். மற்றதைத் தொட வேண்டாம். (வர்ச்சுவல் மெத்தட் வைத்துவிட்டு கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட மறந்தால் மெஷினே நின்றுபோகலாம். அது வேறு கதை.)

பழைய நிரலை அப்படியே வைத்துக்கொண்டு ஒரே ஒரு ரெக்கார்டை மட்டும் மாற்றிப் பார்க்க முடிந்தது. அதனால் பயம் இல்லை. ஆனால் ஆசையைத் தூண்டியது 1990ல் 6.0 பதிப்போடு வந்த டர்போ விஷன்தான் என்பது என் கட்சி. டாஸ் திரையிலேயே விண்டோ, மெனு, மவுஸ்! அது வேண்டுமென்றால் அவர்கள் தந்த ஆப்ஜெக்டிலிருந்து இன்ஹெரிட் செய்தாக வேண்டும். தத்துவம் செய்யாததை மெனு செய்தது.

ஹெல்ஸ்பெர்க் 1996ல் மைக்ரோசாஃப்ட் போய் சி ஷார்ப் மொழியை வடிவமைத்தார். பாஸ்கலில் ஆப்ஜெக்ட் நம் இஷ்டம். சி ஷார்ப்பில் 2020ல் ஒன்பதாம் பதிப்பு வரும்வரை, திரையில் ஒரு வணக்கம் போடக்கூட ஒரு கிளாஸ் திறந்தே ஆக வேண்டியிருந்தது.