செய்யுள் மேற்கோளும் இடவரலாறும்: மேகமலைச் சாரலை முன்னிட்ட ஓர் ஆய்வு

தமிழ்நாட்டின் பழைய வரலாற்றை எழுதப் புகுவார்க்குக் கல்வெட்டும் செப்பேடும் போலவே செய்யுளும் சான்றாகும். கல்வெட்டைக் காட்டுவோர் அஃது உள்ள ஊர், கோயில், சுவர், மன்னன், ஆட்சியாண்டு ஆகியவற்றைத் தவறாது குறிக்கின்றனர். செய்யுளைக் காட்டும்போதோ நூற்பெயர் ஒன்றே போதும் என அமைந்துவிடுவோர் பலர். இவ்வழக்கால் விளையும் இடர்ப்பாட்டை, தேனி மாவட்டத்து மேகமலையையும் கம்பம் பள்ளத்தாக்கையும் சார்ந்த ஒரு வரலாற்று வினாவைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கண்ணகி விண்புக்க நெடுவேள் குன்றம் யாது என்பதே அவ்வினா.

பண்டை உரையாசிரியர்கள் தாம் ஆளும் மேற்கோட்கு நூற்பெயர் சுட்டாது செல்லுதல் பெருவழக்கு. நூல்களை நெட்டுருப் பண்ணியிருந்த மாணாக்கர்க்கு அச்சுட்டு வேண்டப்படவில்லை. ஆயின் நூல்கள் மறைந்த பின்னர் நிலைமை மாறியது. எழுபது எனக் கூறப்படும் பரிபாடல்களில் இன்று முழுமையாகவும் குறைவுற்றும் கிடைப்பன இருபத்திரண்டே. 1918இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்தபோது, வேறு சில பகுதிகள் தொல்காப்பிய உரைகளிலிருந்தும் புறத்திரட்டிலிருந்தும் தொகுக்கப்பட்டன. முத்தொள்ளாயிரம் நமக்கு நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்களாக எஞ்சியிருப்பதும் புறத்திரட்டின் பயனே. திரட்டியவர் நூற்பெயரையும் குறித்து வைத்தமையால் அவை உரிய இடம் பெற்றன. உரைகளுள் பெயரின்றி நிற்கும் செய்யுட்களோ இன்றும் தாய்நூல் அறியப்படாமலே உள்ளன. எனவே மேற்கோளின் இடத்தைச் சுட்டுதல் புறத்தார் வகுத்த வெறுஞ் சடங்கன்று. நூலைக் காக்கும் செயலாகும் என்க.

இனி, எடுத்துக்கொண்ட வினாவிற்கு வருவோம். கணவனை இழந்த கண்ணகி மதுரையின் மேற்றிசை வாயில் வழியே புறப்பட்டு, வையைக் கரையைப் பற்றிச் சென்று, நெடுவேள் குன்றம் ஏறி, வேங்கை நிழலில் நின்று, பதினான்காம் நாள் விண்புக்காள் எனக் கட்டுரை காதையின் இறுதிப் பகுதி கூறுகின்றது. கூடலூரை அடுத்த பளியங்குடிக்கு மேலே, தமிழ்நாடு கேரள எல்லையில் உள்ள வண்ணாத்திப் பாறையில் மங்கலதேவி கோட்டம் எனும் பழைய கற்கோயில் ஒன்று சிதைந்து நிற்கின்றது. சித்திரை முழுமதி நாளில் மட்டும் ஆண்டுக்கொருமுறை அங்கு வழிபாடு நிகழ்கின்றது. இதுவே செங்குட்டுவன் எடுத்த கண்ணகி கோட்டம் என 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் தம் கள ஆய்வால் நிறுவ முற்பட்டார். அக்கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் காட்டுவன பெரும்பாலும் ஒரே செய்யுட் பகுதிகளே. ஆகலின் அப்பகுதிகள் எவ்வளவு கூறுகின்றன என்பதை வரையறுத்தல் இன்றியமையாதது.

வையைக் கரை வழியே சென்றாள் என்னும் செய்தி வழிச்செலவின் திசையை ஐயமற நிறுவுகின்றது. ஆயின் தேனியை நெருங்குங்கால் ஆறு இரண்டாகப் பிரிந்து தோன்றும். ஒரு கிளை வருசநாட்டுப் பள்ளத்தாக்கினின்று வருவது. வையை எனும் பெயர் இன்று அதற்கே உரியது. மற்றொன்று கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வரும் சுருளியாறு. இவ்விரு பள்ளத்தாக்குகளுக்கும் இடையே அரண்போல் நிற்பது மேகமலைத் தொடர். மங்கலதேவி கோட்டத்தை அடைவதற்குச் சுருளிக் கிளையைப் பற்றிச் செல்லல் வேண்டும். கண்ணகி எக்கிளை வழியே சென்றாள் என்பதை அவ்வடிகள் கூறவில்லை. எனவே அம்மேற்கோள் கூடுமுனை வரையில் சான்று. அதற்கப்பால் எழுத்தாளரின் கருத்தளவை. இவ்விரண்டையும் ஒரே மேற்கோட் குறிக்குள் அடக்கலாகாது.

கம்பத்துக் கிளையில் நீர் மிகுதியாக ஓடுதலின் அதுவே பழைய வையை எனச் சிலர் வாதிடக்கூடும். 1895இல் முல்லைப் பெரியாற்றணை முடிந்து, மேற்கே பாய்ந்த பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இப்பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டதை அவர் மறந்தவராவர். இன்றைய வெள்ளத்தைப் பண்டைச் செய்யுட்கு உரையாக்குதல் பொருந்தாது. பெயரளவில் ஒத்தலும் அத்தகையதே. முகில் தவழும் மலை என்னும் பொருள்படும் தொடர் செய்யுளில் எங்கு வரினும் அது மேகமலையைக் குறித்தது எனக் கொள்ளல் கூடாது. அடைமொழி வேறு, இடுபெயர் வேறு. இம்மலையின் தேயிலைத் தோட்டப் பகுதிக்கு ஹைவேவிஸ் எனும் ஆங்கிலப் பெயரும் வழங்குதல், இடப்பெயர்கள் காலந்தோறும் மாறும் இயல்பின என்பதை நினைவூட்டும்.

யார் கூற்று என்பதும் நோக்கத்தக்கது. குன்றக் குறவர் தாம் கண்டதை உரைத்தனர் என மட்டும் எழுதினால் பொருள் தெளிவுறாது. பதிகத்தில் அவர்கள் குணவாயிற் கோட்டத்திருந்த இளங்கோவிடம் உரைக்கின்றனர். காட்சிக் காதையிலோ பெரியாற்றங்கரையில் தங்கியிருந்த செங்குட்டுவனிடம் உரைக்கின்றனர். பெரியாற்றை அடிப்படையாகக் கொண்டு மலையின் இடத்தைக் காண முயல்வார்க்கு உதவுவது பின்னதே. பதிகத்தை நூலாசிரியர் வாக்கன்று என ஐயுறும் அறிஞரும் உளராதலின், நூற்பெயரை மட்டும் காட்டிப் பதிகச் செய்தியை ஆளுதல் வலுவற்றது.

மூலமும் உரையும் மயங்குதல் இதனினும் பெரிய இடர். அக்குன்றம் திருச்செங்கோடு என்பாரை அடியார்க்குநல்லார் மறுத்து, வஞ்சிக்கு அயலதாகிய செங்குன்று என்னும் மலையே அது என்றார். இக்கருத்து பதிகவுரையில் உள்ளது. கானல்வரி நீங்கலாக ஊர்சூழ்வரி வரையே அவருரை கிடைத்துள்ளது. கட்டுரை காதைக்கும் குன்றக் குரவைக்கும் அவருரை இல்லை. ஆயினும் அவரது பதிகவுரைக் கருத்தைக் குன்றக் குரவையின் பொருளாகக் காட்டினால், பயில்வோர் இல்லாத உரையைத் தேடி இடர்ப்படுவர். மேலும், வஞ்சிக்கு அயல் என்னும் சொல்லின் பயன் வஞ்சி யாது என்பதைப் பொறுத்தது. மு. இராகவையங்கார் கருவூர் என்றார், கே. ஜி. சேஷையர் மேல்கடற் பக்கத்துத் திருவஞ்சைக்களம் என்றார். ஒன்றைத் துணியாது மற்றொன்றை முடிந்த முடிபாகக் கூறல் இயலாது.

இவற்றால் பெறப்படுவன சில. செய்யுளைக் காட்டுவார் காண்டம், காதை, அடியெண் ஆகியவற்றோடு பதிப்பையும் ஆண்டையும் குறித்தல் வேண்டும். அடியெண் பதிப்புத்தோறும் வேறுபடுதல் உண்டு. ஆசிரியப்பாவில் வினைமுற்று பல அடிகளுக்கு அப்பால் வந்து முடிதலின், பொருள் முடியும் வரை எடுத்துக் காட்டுதல் வேண்டும். இடையே விட்ட அடிகளைப் புள்ளியிட்டு உணர்த்துதல் நேர்மை. பதம் பிரித்துக் காட்டின் அதனைச் சொல்லுதல் வேண்டும்; ஏனெனில் பிரிப்பதே ஓர் உரை. பாடவேறுபாடு இருப்பின், தம் கொள்கைக்கு மாறானதையும் மறையாது தருதல் வேண்டும்.

இவ்வாறு வரையறுத்தலால் மங்கலதேவி கோட்டத்தின் பெருமை குறையும் என அஞ்சற்க. வையை வழி, பெரியாற்றின் அண்மை, குன்றவர் வாழ்வு, மலைமீது நிற்கும் பழங்கோயில் ஆகிய யாவும் அக்கொள்கைக்கு ஆதரவாகவே நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனக்குரிய எடையில் நிறுக்கப்படுமாயின், அம்முடிபு மாற்றாரும் மதிக்கும் வலிமை பெறும். சான்றின் எல்லையை அறிந்து கூறுவோரே அச்சான்றுக்கு உண்மையான காவலராவர்.