டிபேஸ்

டிபேஸ்: சிறு கணினிகளுக்கென உருவாகிப் பெருமளவில் பரவிய தரவுத்தள மென்பொருள். தரவைச் சேமிக்கும் வசதியோடு அதைக் கையாள்வதற்கான நிரல்மொழியும் இதிலேயே இருந்தது. சரக்கிருப்பு, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் கணக்கு என அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடும் தேவைகளுக்குச் சிறு நிறுவனங்களும் தமக்கேற்ற மென்பொருளை எழுதிக்கொள்ள இது வழிவகுத்தது.

தோற்றம்

கலிஃபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய வெய்ன் ராட்லிஃப், 1978இல் அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத்துக்காக ஆட்ட விவரங்களை அலச விரும்பினார். ஆய்வகத்தின் யூனிவாக் பெருங்கணினியில் ஜெப் லாங் மேம்படுத்தி வந்த ஜேபிஎல்டிஸ் என்னும் மென்பொருளை முன்மாதிரியாகக் கொண்டு, தம் வீட்டிலிருந்த ஐம்சாய் 8080 கணினிக்காக அசெம்ப்ளி மொழியில் ஒரு தரவுத்தளத்தை எழுதினார். அதற்கு 'வல்கன்' என்று பெயர். அதன் விற்பனை உரிமையைப் பெற்ற ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லி ஆகியோரின் ஆஷ்டன்-டேட் நிறுவனம் அதை 'டிபேஸ் II' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. 'டிபேஸ் I' என ஒன்று வெளிவரவேயில்லை.

செயல்படும் முறை

திரையில் ஒரு புள்ளி நிற்கும். அங்கே 'யூஸ்' என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் கோப்பு திறக்கும். 'லிஸ்ட் ஃபார்' என்று நிபந்தனை கொடுத்தால் அதற்குப் பொருந்தும் பதிவுகள் மட்டும் வரும். இதே கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அதுவே நிரலாகிவிடும். கட்டளைகளை இயக்கிப் பழகிய கணக்கர் நிரல் எழுதப் புதிதாக இன்னொரு மொழியைக் கற்க வேண்டியதில்லை. டிபேஸின் பெருஞ்சிறப்பு இதுவே.

தரவு 'டிபிஎஃப்' கோப்பில் இருக்கும். அதன் தலைப்பகுதி புலங்களின் பெயர், வகை, நீளம் ஆகியவற்றைச் சொல்லும். அடுத்து, ஒரே நீளமுள்ள பதிவுகள் வரும். 'டெலிட்' கட்டளை பதிவின் முதல் பைட்டில் ஓர் உடுக்குறியை மட்டுமே இடும். 'ரீகால்' கொடுத்து அப்பதிவை மீட்கலாம். 'பேக்' கொடுத்த பிறகே அது கோப்பிலிருந்து நீங்கும்.

வளர்ச்சியும் போட்டியும்

1984இல் சி மொழியில் எழுதப்பட்ட டிபேஸ் III வெளியானது. நான்டக்கெட் நிறுவனத்தின் கிளிப்பர், டிபேஸ் நிரல்களைத் தனித்தியங்கும் கோப்புகளாக மாற்றித் தந்ததால், வாடிக்கையாளர் டிபேஸ் வாங்கத் தேவையில்லாமல் போயிற்று. ஃபாக்ஸ் சாஃப்ட்வேரின் ஃபாக்ஸ்பேஸும், பின்னர் வந்த ஃபாக்ஸ்ப்ரோவும் வேகத்தால் பெயர்பெற்றன. தமிழகக் கணினிப் பயிற்சி மையங்களிலும் டிபேஸும் ஃபாக்ஸ்ப்ரோவும் பாடங்களாயின.

1988இல் பிழைகள் மலிந்து வந்த டிபேஸ் IV பயனர்களின் நம்பிக்கையைக் குலைத்தது. அதே ஆண்டு ஃபாக்ஸ் மீது ஆஷ்டன்-டேட் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. 1991இல் ஆஷ்டன்-டேட்டை போர்லேண்ட் நிறுவனம் வாங்கியது. அதன்பின் அந்த வழக்கு கைவிடப்பட்டது. 1992இல் மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸை வாங்கியதுடன் ஆக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளையும் வெளியிட்டது. 2004இல் வந்த விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9 ஃபாக்ஸ்ப்ரோ வரிசையின் கடைசிப் பதிப்பு. அதற்கான ஆதரவு 2015இல் முடிந்தது.

தாக்கம்

துறையை அறிந்தவரே தமக்கான மென்பொருளையும் எழுதலாம் என்பதை நடைமுறையில் நிறுவியது டிபேஸ். அதன் கோப்பு வடிவம் இன்றும் வழக்கில் உள்ளது: நிலவரைபடத் துறையின் ஷேப்ஃபைல், இடங்களைப் பற்றிய விவரங்களை டிபிஎஃப் கோப்பிலேயே வைக்கிறது.