ஜப்தி செய்ய முடியாத ஓவியங்கள்

திருநெல்வேலி கோர்ட்டில் வக்கீல் தொழில் பார்த்த எனக்கு அரசு பஸ் ஜப்தி பழகிப்போன காட்சி. விபத்து நஷ்டஈட்டைக் கட்டாமல் இழுத்தடித்தால் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே போய் வண்டியை மடக்கிவிடுவார். 2005 நவம்பரில் சுவிட்சர்லாந்தில் நடந்ததும் அதுதான். மார்த்தினி ஊரில் கண்காட்சி முடிந்து மாஸ்கோவுக்குத் திரும்பவிருந்த புஷ்கின் அருங்காட்சியகத்தின் 50க்கும் மேற்பட்ட பிரெஞ்சு ஓவியங்களை, ரஷ்ய அரசு தனக்குக் கடன்பட்டிருப்பதாகச் சொல்லி நோகா என்ற கம்பெனி ஜப்தி செய்ய வைத்தது. சுவிஸ் அமைச்சரவையே தலையிட்டு விடுவித்தது.

ரஷ்யர்களுக்கு இந்தக் கிலி பழையது. செர்கேய் ஷூகின் என்ற மாஸ்கோ ஜவுளி வியாபாரியிலிருந்து தொடங்குவது. மத்தீஸையும் பிக்காசோவையும் பலர் கேலி பேசிய நாளில் வாங்கிக் குவித்த மனிதர். மத்தீஸின் புகழ்பெற்ற ‘நடனம்’ அவர் மாளிகையின் மாடிப்படிக்காகச் சொல்லி வரைந்தது. 1918இல் லெனினின் ஆணை அத்தனையையும் அரசுடைமை ஆக்கியது. ஷூகின் 1936இல் பாரிஸில் இறந்தார். 1954இல் அவர் வாங்கிய பிக்காசோ படங்கள் சோவியத் கண்காட்சியாகப் பாரிஸுக்கே வந்தன. மகள் இரினா விடுவாரா? வழக்குப் போட்டார். ஜெயிக்கவில்லைதான், ஆனாலும் படங்களை அவசரமாகக் கழற்றித் தூதரகத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, கண்காட்சியைப் பாதியில் மூடினார்கள்.

இரவல் வரும் படைப்புகளை ஜப்தியிலிருந்து காக்கவென்றே 1965இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டதற்கும் சோவியத் ஓவியங்களை இரவல் வாங்கும் ஏற்பாடுதான் காரணம். வழிமுறை எளிது. படைப்பு நாட்டுக்குள் வருமுன் அருங்காட்சியகம் விண்ணப்பிக்க வேண்டும். அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டால் எந்தக் கோர்ட்டும் அதில் கை வைக்க முடியாது. விண்ணப்பிக்காவிட்டால் அந்தக் கவசம் இல்லை. ஆஸ்திரியாவிலிருந்து அப்படி வந்த எகோன் ஷீலேயின் ‘வாலியின் உருவப்படம்’ 1998இல் நியூயார்க்கில் மாட்டிக்கொண்டது. நாஜி ஒருவர் லேயா போன்டி என்ற யூதப் பெண்ணிடமிருந்து பறித்த படம் அது. 2010இல் வாரிசுகளுக்கு 1.9 கோடி டாலர் கொடுத்த பிறகே ஊர் திரும்பியது.

இரினா 1993இல் மறுபடியும் பாரிஸ் கோர்ட்டுக்குப் போனார். மறுபடியும் தோற்றார். அடுத்த ஆண்டே பிரான்ஸ் ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. பாதுகாப்பில்லாமல் ஓவியங்களை லண்டனுக்கு அனுப்ப மாட்டோம் என்று 2007 டிசம்பரில் ரஷ்யா முரண்டு பிடித்ததால் பிரிட்டன் தன் சட்டத்தை அவசரமாக அமலுக்குக் கொண்டுவந்தது. 2008 ஜனவரியில் ‘நடனம்’ லண்டனில் மாட்டப்பட்டது.

இந்தச் சட்டங்கள் எதுவும் படம் யாருடையது என்று சொல்வதில்லை. வந்த சரக்கு பத்திரமாகத் திரும்பும், அவ்வளவுதான். சொத்து கண்ணெதிரே வந்து நிற்கும் நேரத்தில் வாரிசின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது, வாதிப் பக்கமே நின்று பழகிய எனக்கு உறுத்துகிறது. சாத்தாவிட்டால் படமே வராது என்பதும் தெரிகிறது.

ஆனால் ஓவியர் மலேவிச்சின் வாரிசுகளுடைய வக்கீல்கள் கெட்டிக்காரர்கள். ஆம்ஸ்டர்டாம் நகரம் அவருடைய 14 படைப்புகளை 2003-04இல் அமெரிக்காவுக்கு அனுப்பியது. வாரிசுகள் ஜப்தி கேட்கவில்லை. படங்கள் திரும்புவதற்குச் சற்று முன் நகராட்சியின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். படத்துக்குத்தான் பாதுகாப்பு, வழக்குக்கு அல்ல என்றார் நீதிபதி. 2008இல் சமரசம் ஆகி ஐந்து ஓவியங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தன. 2016இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டது. நாஜிகள் காலத்துப் பறிப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு.