மனப்பாடமும் ஆறு நாழி நெல்லும்

கி.பி. 671இல் சீனத்திலிருந்து கடல்வழியே புறப்பட்டு, நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பயின்ற பௌத்தத் துறவி இ-சிங், இந்தியச் சிறுவர் எட்டு வயதில் பாணினியின் சூத்திரங்களைக் கற்கத் தொடங்கி எட்டு மாதங்களில் ஒப்பித்துவிடுவர் என்று எழுதிவைத்தார். அவை ஏறத்தாழ 4,000 சூத்திரங்கள். இக்குறிப்பை வாசிப்போருள் சிலர் முன்னோரின் மூளைத்திறனை வியக்கின்றனர். வேறு சிலர் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒதுக்குகின்றனர். நூலின் அமைப்புக்கும் அதை நெஞ்சில் நிறுத்திய பயிற்சிக்கும் உள்ள உறவை இரு சாராருமே கருதுவதில்லை.

அட்டாத்தியாயியில் பெரும்பாலான சூத்திரங்கள் தனித்து நின்று பொருள் தருவதில்லை. முன்னொரு சூத்திரத்தில் வந்த சொல்லைப் பின்வரும் சூத்திரங்களிலும் வருவித்துக் கொள்ளவேண்டும். இதனை அனுவிருத்தி என்பர். நூல்வரிசையை நெஞ்சில் கொள்ளாதவனுக்கு இடையிலுள்ள சூத்திரம் முற்றுப்பெறாத வாக்கியமாகவே தோன்றும். ஆகவே இந்நூலைப் பொறுத்தவரை, மனனம் செய்யாமல் புரிந்துகொள்ள வழியே இல்லை. விரிவான உரையை மாணவர் பதினைந்தாம் வயதில் தொடங்கி ஐந்தாண்டுகளில் தெளிந்தனர் என்றும் இ-சிங் சொல்கிறார். மூலம் முதலில், பொருள் பல ஆண்டுகள் கழித்து என்பதே அன்றைய வரிசை. இன்றைய வகுப்பறை இதைப் பொறுக்காது.

வேதம் ஓதும் முறைகளில் இப்பயிற்சி இன்னும் நுட்பமானது. இருக்கு வேதத்தின் 1,028 சூக்தங்களும் முதலில் தொடர்பாடமாகக் கற்பிக்கப்பட்டன. பின்னர்ப் பத பாடத்தில் புணர்ச்சி நீக்கப்பட்டுச் சொற்கள் தனித்தனியே ஒலித்தன. கிரம பாடத்தில் சொற்கள் 1-2, 2-3, 3-4 என்று இணைந்தன. ஜடா பாடத்தில் 1-2, 2-1, 1-2 என்று முன்னும் பின்னும் புரண்டன. கன பாடத்திலோ 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று ஓதவேண்டும். கனபாடிகள் என்னும் பட்டம் இதில் தேர்ந்தோருக்கு உரியது. திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் இங்கே நடைபெறவில்லை. வரிசை தலைகீழாகும்போது, பழகிய ஓட்டத்தில் நா தானே சென்றுவிட இயலாது. சொற்களின் இடம் மாறுந்தோறும் புணர்ச்சியும் மாறுவதால், ஓதுபவன் ஒவ்வொரு சொல்லின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். பத பாடமே ஓர் இலக்கணப் பகுப்பாய்வு எனலாம்.

எனினும், பொருளறியாத ஓதலைப் பழிக்கும் குரலுக்கு ஐரோப்பியர் வருகைவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நிருக்தம் இயற்றிய யாஸ்கர், வேதத்தை ஓதியும் அதன் பொருளை அறியாதவனைச் சுமை தாங்கும் தூணோடு ஒப்பிடும் பழங்கூற்றை எடுத்தாண்டார்.

முறை எத்துணைச் செம்மையாயினும் நினைவு உடலில் குடிகொள்வது. உடலுக்குச் சோறு வேண்டும். மகதத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த பஞ்சத்தில் சமண முனிவர்கள் சிதறினர் என்றும், பின்னர்ப் பாடலிபுத்திரத்தில் கூடியோரால் பன்னிரண்டாம் அங்கத்தை மீட்டுத் தொகுக்க இயலவில்லை என்றும் சுவேதாம்பர மரபு கூறுகிறது. திகம்பரர் மூல ஆகமங்களே அழிந்தன என்பர். எஞ்சியதைக் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் வலபியில் தேவர்த்தி கணி தலைமையில் சுவேதாம்பரர் ஏட்டில் எழுதினர்.

இதற்கு நேர்மாறான காட்சியை விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டில் காணலாம். அங்கு 340 மாணவர் பயின்றனர். அவர்களுள் இளநிலையினர் 270 பேர்; இவர்களில் 230 பேர் வேதமும் கல்பசூத்திரமும், 40 பேர் ரூபாவதார இலக்கணமும் கற்றனர். இளநிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஆறு நாழி நெல். வியாகரணமும் மீமாம்சையும் வேதாந்தமும் பயின்ற மூத்தோர் 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. மனனத்தின் வரலாற்றை எழுதுவோர் கன பாடத்தின் நுட்பத்தை விரிவாக எழுதி இந்த நெற்கணக்கை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது முறையன்று. உழவர் விளைத்த அந்த நெல்லே பல்லாண்டுக் கல்விக்கான ஓய்வை அளித்தது. உழுதவரின் பிள்ளைகளுக்கு அக்கல்வி கிட்டவில்லை. சூத்திரருக்கும் பெண்டிருக்கும் வேதக் கல்வியைத் தருமநூல்கள் மறுத்தன. வேதத்தை எழுதாமல் வைத்தது ஒலிப்பிழையிலிருந்து அதைக் காத்தது; பிறர் கைக்கு எட்டாமலும் காத்தது.

எண்ணாயிரத்தில் நெல் அளக்கப்பட்ட அதே பதினொன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடக்கே அல்-பிரூனி ஒரு செய்தியைப் பதிவுசெய்தார். அவர் காலத்துக்குச் சற்று முன்னர், பிறர் செய்யத் தயங்கிய ஒன்றைக் காசுமீரத்து அந்தணர் வசுக்ரர் துணிந்து செய்தாராம். மக்கள் வேதத்தை மறந்துவிடுவர் என்று அஞ்சி, அதற்கு விளக்கம் கண்டு அவர் அதை ஏட்டில் எழுதினார்.